சிலிக்கோன் புரோஸ்தெடிக்கில் முடி பதிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிலிக்கோனில் செய்த செயற்கைத் தோலில் ஊசியால் ஒவ்வொரு முடியாகக் குத்திப் பதிக்கும் வேலையைத்தான் ஹேர் பஞ்சிங் என்கிறோம். ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் மேக்கப் பழகுகிறவர்கள் பலர் மோல்டு எடுத்து, சிலிக்கோன் ஊற்றி, வண்ணம் பூசுவது வரை நன்றாக வந்துவிட்டு, முடி என்றதும் தயங்கி நின்றுவிடுகிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். லைஃப் காஸ்ட் (ஆளின் முகத்தை அச்செடுத்துச் செய்யும் பிரதி), மோல்டு பற்றி ஓரளவு தெரியும் என்று வைத்துக்கொண்டே பதில் எழுதியிருக்கிறேன்.

ஊசியால் குத்தினால் முடி எப்படி உள்ளே நிற்கிறது? பசை வேண்டாமா?

இதற்கென்று செய்த ஊசியின் நுனி ஒற்றைக் கூராக இருக்காது. அங்கே ஒரு சின்னக் கவை இருக்கும். அந்தக் கவையில் முடியை மாட்டி சிலிக்கோனுக்குள் அழுத்தினால், முடி மடிந்து உள்ளே போகும். ஊசியை வந்த வழியே வெளியே இழுத்தால் சிலிக்கோன் சுருங்கி ஓட்டையை மூடிக்கொள்ளும், முடி உள்ளேயே தங்கிவிடும். அந்த இறுக்கம்தான் பிடிமானம். பசை எதுவும் கிடையாது. சாதாரணப் பசை சிலிக்கோனில் ஒட்டாது என்பதால், இருந்தாலும் பயன்படாது. லண்டன் மேடம் துசோவில் மெழுகுத் தலைகளுக்குப் பல தலைமுறைகளாக முடி பதிப்பதும் இதே முறையில்தான். அங்கே மெழுகை இளஞ்சூட்டில் வைத்துக் குத்துவார்கள். சிலிக்கோனுக்குச் சூடு தேவையில்லை.

லேஸில் (மெல்லிய வலைத்துணியில்) கட்டிய தாடியும் விக்கும் இருக்கும்போது இவ்வளவு சிரமம் எதற்கு?

நியாயமான கேள்விதான். முடி பதிக்கத் தொடங்குவதற்கு முன் எப்போதும் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். லேஸில் முடிச்சுப் போட்டுக் கட்டிய மீசையைக் கழற்றிச் சுத்தம் செய்து மறுநாளும் ஒட்டலாம். புரோஸ்தெடிக் துண்டு அப்படியில்லை. அதன் மெல்லிய ஓரத்தை ஆல்கஹாலிலோ அசிட்டோனிலோ கரைத்துத் தோலோடு கலக்கிறோம். கழற்றும்போது அது கிழிந்துவிடும். அதனால் ஒவ்வொரு படப்பிடிப்பு நாளுக்கும் ஒரு புதுத் துண்டு வேண்டும். புருவம் பதித்த நெற்றித் துண்டு ஒன்று இருபது நாள் படப்பிடிப்புக்குத் தேவையென்றால், இருபது நெற்றி, நாற்பது புருவம். இதைக் கணக்குப் பார்க்காமல் ஒத்துக்கொண்டு, பாதி வழியில் கை ஓய்ந்து போனவர்கள் உண்டு.

அப்படியானால் எங்கே பதிக்கலாம்? கேமரா மிக அருகில் வரும் இடத்தில். முடியும் தோலும் சந்திக்கும் எல்லையில். புருவம், இமை, நெற்றியோர முடி, வழுக்கையில் மிஞ்சியிருக்கும் நாலு முடி, காதிலும் மருவிலும் முளைத்த முடி ஆகியவற்றுக்கு லேஸ் சரிவராது, பக்கத்தில் போனால் வலை தெரியும். போலி உடல், வெட்டுண்ட தலை, குழந்தைப் பொம்மை போல நடிகர் முகத்தில் ஒட்டாத பொருள்களுக்கும் பதிப்பதுதான் சிறந்தது. அவை ஒரே தடவை செய்தால் போதும். மற்ற இடங்களில் என் யோசனை இதுதான்: முன் ஓரம் ஓர் அங்குலம் மட்டும் பதித்துவிட்டு, அதற்குப் பின்னால் விக் வையுங்கள். பார்ப்பவர் கண் ஓரத்தைப் பார்த்துத்தான் மொத்தத்தையும் நம்புகிறது.

எந்த ஊசி வாங்குவது?

இரண்டு வழி இருக்கிறது.

முதலாவது ஃபெல்ட்டிங் ஊசி. கம்பளியை அடித்துப் பொம்மை செய்கிறவர்கள் பயன்படுத்துவது, ஆன்லைனில் எளிதாகக் கிடைக்கும். தண்டில் சின்னச் சின்ன வெட்டுகள் கீழ்நோக்கி இருக்கும். அவைதான் முடியைப் பிடித்து உள்ளே தள்ளும். எண் கூடக்கூட ஊசி மெலியும்: 36 தடிமன், 38 நடுத்தரம், 40, 42 மிக மெல்லியவை. அப்படியே பயன்படுத்தினால் ஒரு குத்தில் மூன்று நான்கு முடிகூட உள்ளே போய்விடும். தலையின் பின்பக்கத்துக்கு அது பரவாயில்லை. ஒற்றை முடி வேண்டுமென்றால் நுனியை முதல் வெட்டு வரை தேய்த்துவிட வேண்டும். அந்த வெட்டே கவையாகிவிடும். க்ரவுன் ஊசி என்று விற்கப்படுவதில் வெட்டுகள் நுனிக்கு மிக அருகிலேயே இருப்பதால், ஆழமாகக் குத்தாமலே வேலை முடியும்.

இரண்டாவது, சாதாரணத் தையல் ஊசியில் நாமே செய்துகொள்வது. எனக்குப் பிடித்தது இதுதான், காரணம் கவையின் அளவு நம் கையில் இருக்கிறது. 10 அல்லது 12ஆம் எண் மெல்லிய ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். நூல் கோர்க்கும் காதுப் பக்கம்தான் நமக்கு வேண்டும். வெட்டுவதற்கு முன்னாலேயே ஒரு நூலில் பிராசோ (உலோகம் துலக்கும் திரவம்) தடவி, காதுக்குள் கோர்த்து, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி நன்றாக இழுங்கள். காதின் உட்பக்கம் வழவழப்பாகும். இதைச் செய்யாவிட்டால் உள்விளிம்பு கத்தி மாதிரி முடியை அறுக்கும். அப்புறம் காதின் மேல் வளைவைச் சின்ன வெட்டுச் சக்கரத்தாலோ வைர அரத்தாலோ எடுத்துவிடுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் இதைச் செய்யாதீர்கள், துணுக்கு தெறிக்கும். இப்போது இரண்டு பல் நிற்கும். அவற்றை வெளிப்பக்கமிருந்து சரிவாகத் தேய்த்துக் கூராக்க வேண்டும். பல்லின் நீளம் ஒன்றிரண்டு முடியின் தடிமன் அளவு இருந்தால் போதும். நீளமாக விட்டால் உடையும், முடியும் கொத்தாக மாட்டும். கடைசியாக 1000க்கு மேற்பட்ட எண்ணுள்ள உப்புத்தாளில் மெதுவாக மெருகேற்றுங்கள்.

ஊசி சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, ஒரு முடியைக் கழிவு சிலிக்கோனில் குத்தி, பிறகு பிடுங்கி லென்ஸில் பாருங்கள். மடிந்த இடம் நசுங்கியோ அறுபட்டோ இருந்தால் இன்னும் மெருகு வேண்டும்.

ஒரே ஒரு ஊசியோடு உட்கார வேண்டாம். ஒற்றை முடிக்கு இரண்டு, இரட்டை முடிக்கு இரண்டு என்று முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் மழுங்கினால் அந்த இடத்தில் வேலையின் தரமே மாறிப்போகும்.

ஊசியை எதில் பொருத்துவது?

பின் வைஸ் என்று ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சின்னப் பிடி போதும். எடை குறைந்ததாக, விரலுக்குத் தடிமனாகத் தெரிவதாகப் பாருங்கள். ஒல்லியான பிடியை மணிக்கணக்கில் பிடித்தால் கட்டைவிரல் மூட்டு வலிக்கும். ஊசி வெளியே நீட்டிக்கொண்டிருப்பது ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம்.

எந்த முடி நல்லது?

இடத்துக்கு இடம் மாறும்.

தலைக்கும் புருவத்துக்கும் மனித முடிதான். இந்த விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். திருப்பதி, பழனி போன்ற கோயில்களில் காணிக்கையாக இறக்கப்படும் முடி உலகம் முழுவதும் விக் தொழிலுக்குப் போகிறது. அதில் நீளமானதை வேரும் நுனியும் மாறாமல் சேர்த்துக் கட்டியதை ரெமி முடி என்று விற்கிறார்கள். பஞ்சிங்குக்கு ரெமி மட்டுமே வாங்குங்கள். சீப்பில் உதிர்ந்ததைச் சேகரித்துச் செய்த முடியில் வேரும் நுனியும் கலந்து கிடக்கும். சிக்கு விழாமலிருக்க அதன் மேற்செதிலை அமிலத்தில் அரித்து எடுத்திருப்பார்கள். முதலில் பளபளவென்று இருக்கும், கொஞ்ச நாளில் உலர்ந்து நார் மாதிரி ஆகிவிடும்.

தாடி, மீசைக்கு யாக் முடி. முரடாக, விறைப்பாக நிற்கும். வெளுத்த யாக் முடியை விரும்பிய நிறத்துக்குச் சாயம் ஏற்றலாம். நரைத்த தாடிக்கு அதற்கு ஈடு இல்லை. குழந்தையின் தலைக்கும், பெண்களின் நெற்றியோரப் பூனைமுடிக்கும் மோஹேர். அங்கோரா ஆட்டின் முடி அது, மென்மையாக இருக்கும். செயற்கை இழையை முகத்துக்கு நான் சொல்ல மாட்டேன். விளக்கடியில் ஒரு மாதிரி மின்னும், சூடு பட்டால் உருகும்.

ஒரே நிறத்தில் ஒரு கட்டு வாங்கிப் பதித்தால் எவ்வளவு நன்றாகப் பதித்தாலும் பொம்மை முடியாகத்தான் தெரியும். நம் ஊர்க் கறுப்பு முடியிலும் அடர் பழுப்பு, செம்பழுப்பு, அங்கங்கே ஒரு வெள்ளை என்று கலந்திருக்கிறது. ஹேக்கிள் என்ற ஆணிச் சீப்பில் இரண்டு மூன்று நிறங்களைச் சேர்த்து இழுத்துக் கலந்துகொள்ளுங்கள்.

முடியின் வேர்ப்பக்கம் எது, நுனி எது என்று கட்டு கலைந்த பின் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒற்றை முடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, முடியின் நீளவாக்கில் இரண்டு விரலையும் முன்னும் பின்னும் உரசுங்கள். முடி தானாக ஒரு பக்கம் நகர ஆரம்பிக்கும். நகரும் திசையில் இருப்பது வேர். மேற்செதில்கள் எல்லாம் நுனி நோக்கிப் படிந்திருப்பதால் இப்படி நடக்கிறது.

இது ஏன் முக்கியம் என்றால், முடியை நடுவில் மாட்டிக் குத்தினால் இரண்டு பாதியும் வெளியே நிற்கும். ஒரு பாதி சரியாக இருக்கும், இன்னொரு பாதியில் செதில் தலைகீழாக இருக்கும். நீளமான முடியென்றால் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிச் சிக்கு விழும். ஆகவே வேர் முனையிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி மாட்ட வேண்டும். குட்டைப் பக்கம் மொத்தமும் உள்ளே புதைந்துவிடும், நீளப் பக்கம் மட்டும் வெளியே நிற்கும்.

பதிப்பதற்கு முன் முடியைக் கழுவ வேண்டுமா?

கட்டாயம். ஷாம்பூ போட்டு, கண்டிஷனர் போடாமல், நன்றாக உலர்த்துங்கள். எண்ணெயோ கண்டிஷனரோ இருந்தால் முடி வழுக்கிக்கொண்டு வெளியே வரும். சாயம் ஏற்றுவதாக இருந்தால் அதையும் இப்போதே முடித்துவிட வேண்டும்.

எந்த மாதிரி சிலிக்கோனில் முடி நன்றாக நிற்கும்?

பிளாட்டினம் வகை சிலிக்கோன்கள் எல்லாமே ஏற்கும். டிராகன் ஸ்கின், பிளாட்சில் ஜெல்-10 இவையெல்லாம் பலரும் பயன்படுத்துபவை. சிக்கல் வருவது டெடனர் (சிலிக்கோனை மென்மையாக்கக் கலக்கும் திரவம்) அளவில்தான். தோல் மாதிரி மெத்தென்று இருக்க வேண்டும் என்று டெடனரைத் தாராளமாக ஊற்றுகிறோம். ஆனால் மென்மை கூடக்கூடப் பிடிமானம் குறையும். கன்னத்துக்குச் சரியாக இருக்கும் கலவை, புருவத்துக்கு மிகவும் தளர்வாக இருக்கலாம். கெட்டியான சிலிக்கோனில் முடி உறுதியாக நிற்கும், ஆனால் ஒவ்வொரு குத்துக்கும் கை வலிக்கும், ஊசியும் சீக்கிரம் உடையும்.

நான் செய்வது: மோல்டில் ஊற்றும்போதே முடி வரப்போகும் இடத்தில் டெடனர் குறைவான கலவையை ஒரு படலம் தடவி, அது பாதி இறுகியதும் மீதியை மென்மையான கலவையில் நிரப்புவது. துண்டு மென்மையாகவும் இருக்கும், முடியும் நிற்கும்.

வெளிப்புறம் கேப் பிளாஸ்டிக் (ஓரத்தில் ஆல்கஹாலிலோ அசிட்டோனிலோ கரைக்கும் மெல்லிய பிளாஸ்டிக்) உறையும் உள்ளே மென்மையான ஜெல்லும் உள்ள துண்டுகளில் இன்னும் கவனம் வேண்டும். உறையில் ஓட்டை நெருக்கமாக விழுந்தால், தபால்தலைத் தாள் கிழிவது போல வரிசையாகக் கிழிந்துவிடும். அங்கே உறையை ஒரு படலம் கூடுதலாகப் போட்டு, குத்துகளை நேர்க்கோட்டில் வராமல் மாற்றி மாற்றிப் போடுங்கள்.

முதலில் வண்ணமா, முடியா?

வண்ணம். முடி பதித்தபின் வண்ணம் பூசினால் அடிமுடியெல்லாம் தோல் நிறமாகிவிடும், துடைக்கவும் முடியாது. சிலிக்கோனில் சிலிக்கோன் சார்ந்த வண்ணம்தான் நிலையாக ஒட்டும் என்பதால், அது முழுக்க இறுகிய பிறகுதான் ஊசியை எடுக்க வேண்டும். இறுகியதும் பவுடர் போட்டு, ஒட்டும் தன்மையையும் பளபளப்பையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்ன விஷயம்: முடி வரும் இடத்தின் அடித்தோலில் லேசான நிழல் நிறம் கொடுத்து வையுங்கள். கறுத்த முடியின் வேர் தோலுக்கு அடியில் தெரிவதால் உண்மைப் புருவத்துக்கு அடியிலும் தோல் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். இந்த நிழல் இருந்தால் குறைவான முடியே போதும், நேரம் மிச்சமாகும்.

துண்டை எதன் மேல் வைத்துக் குத்துவது?

மோல்டின் கோர் (முக வடிவில் இருக்கும் உட்பகுதி) மேலேயே வைத்துச் சிலர் குத்துகிறார்கள், அது கூடாது. பிளாஸ்டரிலோ ஃபைபர்கிளாஸிலோ ஊசி முட்டினால் பல் உடையும். அதே கோரை மென்மையான ஃபோமில் ஒரு பிரதி எடுத்து, அதன் மேல் துண்டைப் பொருத்துங்கள். துண்டின் வளைவும் கெடாது, ஊசியும் தப்பிக்கும். தட்டையாக மேசையில் வைத்துக் குத்தினால் கோணம் தவறும். முகத்தில் ஒட்டியதும் முடி எல்லாம் எதிர்பாராத பக்கம் நிற்கும்.

குத்தும்போது கை எப்படி வேலை செய்ய வேண்டும்?

இடது கையில் பத்துப் பதினைந்து முடியை விசிறி போல விரித்துப் பிடியுங்கள், வேர்முனைகள் ஒரே மட்டத்தில் துண்டை ஒட்டி இருக்கட்டும். வலது கை ஊசியால் ஓரத்து முடி ஒன்றைக் கவையில் வாங்கி, முடி வளர வேண்டிய கோணத்திலேயே சாய்த்துக் குத்துங்கள். மூன்று மில்லிமீட்டர் ஆழம் போதும். வெளியே எடுக்கும்போதுதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். ஊசியைத் திருப்பியோ நிமிர்த்தியோ எடுத்தால் முடியும் கூடவே வந்துவிடும். போன கோணத்திலேயே, நேர்க்கோட்டில், சற்றே வேகமாக இழுக்க வேண்டும். இடது கை அந்த முடியை இறுக்கிப் பிடிக்காமல் தளர விட்டிருக்க வேண்டும்.

குத்திய ஒவ்வொரு முடியையும் இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு பகுதி முடிந்ததும் மென்மையான பிரஷ்ஷால் முடி வளரும் திசையில் வாரிவிடுங்கள். நிற்காதவை அப்போதே வந்துவிடும். அவற்றை மட்டும் மறுபடி பதித்துக்கொள்ளலாம்.

எந்தப் பக்கமிருந்து தொடங்க வேண்டும்?

கூரை வேய்கிற மாதிரி கீழிருந்து மேலே. தலையென்றால் பிடரியில் தொடங்கி உச்சி வழியாக நெற்றிக்கு. தாடியென்றால் தொண்டையில் தொடங்கிக் கன்னத்துக்கு. பதித்த முடி எப்போதும் வேலை செய்யும் இடத்துக்குக் கீழே படிந்து கிடக்கும், குறுக்கே வராது.

புருவம் எப்போதும் ஒட்டுப்புருவம் மாதிரியே வருகிறது. என்ன குறை?

பெரும்பாலும் திசைதான். புருவத்தை ஒரு வடிவமாக வரைந்துவிட்டு, அதை முடியால் நிரப்புகிறோம். உண்மைப் புருவம் அப்படி வளர்வதில்லை. ஒரு நல்ல புகைப்படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு பாருங்கள். மூக்குப் பக்கத்துத் தொடக்கத்தில் முடிகள் ஏறக்குறைய நேராக மேல்நோக்கி நிற்கும், எண்ணிக்கையும் குறைவு. கொஞ்சம் தள்ளினால் காதுப் பக்கம் சாயத் தொடங்கும். நடுப்பகுதியில் கீழ்வரிசை முடி மேல்நோக்கிச் சாயும், மேல்வரிசை முடி கீழ்நோக்கிச் சாயும். இரண்டும் நடுவில் சந்தித்து ஒரு மெல்லிய முதுகு மாதிரி உண்டாகும். வால் பகுதியில் எல்லாம் ஒரே திசையில் ஒல்லியாகி முடியும். இந்த முதுகு இல்லாத புருவம் ஒட்டிய புருவமாகத்தான் தெரியும்.

அடுத்தது முடியின் நுனி. புருவ முடி வளர்ந்து நுனியில் மெலிந்து முடியும். கத்தரித்த முடியின் நுனி மொட்டையாக இருக்கும், நெருங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். நீளமான முடியின் இயல்பான நுனிப்பகுதியை மட்டும் மூன்று நான்கு சென்டிமீட்டர் வெட்டி எடுத்து, வெட்டிய பக்கத்தைச் சிலிக்கோனுக்குள் அனுப்புங்கள். முடி வெளியே நீட்டும் நீளத்தைக் குத்தும்போதே தீர்மானித்துவிட வேண்டும், பிறகு கத்தரிக்கோல் எடுக்கக் கூடாது. நேரம் பிடிக்கும். புருவத்தில் இந்த நேரத்தைச் செலவிடுவது வீண் போகாது, நடிகரின் முகபாவமே அங்கேதான் இருக்கிறது.

எல்லைக்கு வெளியே நாலைந்து முடி தனியாக நிற்கட்டும். இமைக்கு மேலே ஒன்றிரண்டு, இரண்டு புருவத்துக்கு நடுவே ஒன்றிரண்டு. இடதும் வலதும் அச்சாக ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

நெற்றியோர முடிக்கு என்ன உத்தி?

தலைமுடி ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒன்று முதல் நான்கு வரை கொத்தாக முளைக்கிறது. நெற்றி ஓரத்தில் மட்டும் பெரும்பாலும் ஒற்றையாகத்தான். அதனால் முதல் வரிசைகளுக்கு மிக மெல்லிய முடி, ஒற்றை ஊசி. கொஞ்சம் உள்ளே போனதும் இரண்டு முடி, அதற்கும் பின்னால் தடித்த ஊசியில் மூன்று. ஓரத்தை நேர்க்கோடாக விடாமல் உள்ளேயும் வெளியேயும் போகவிடுங்கள். முன் ஓர முடி முன்னோக்கிச் சாய்ந்துதான் முளைக்கும். பின்னோக்கி வாரிய சிகை என்றாலும் முன்னோக்கிப் பதித்து, பிறகு வாரிவிட வேண்டும்.

சராசரி மனிதத் தலையில் ஒரு லட்சம் முடி இருக்கும். அத்தனையும் பதிக்க வேண்டியதில்லை. வகிடு, ஓரம், சுழி மூன்றும் அடர்த்தியாக இருந்தால் நடுப்பகுதியில் பாதி அடர்த்தியே போதும்.

சவரம் செய்த முகம், மொட்டைத் தலையின் நிழல் வேண்டுமென்றால்?

நீளமாகப் பதித்துவிட்டு டிரிம்மரால் அடியோடு வெட்டிவிடுங்கள். தோலோடு தோலாக நிற்கும் முளைகள் விரலுக்குக்கூட உண்மையாகப் பிடிபடும். இங்கே நுனி மொட்டையாக இருப்பதுதான் சரி. வெட்டும்போது முகக்கவசம் போடுங்கள், துண்டு முடி மூச்சில் போகும்.

பதித்த முடி கழன்று கழன்று வருகிறது. ஏன்?

முதலில் ஊசியைப் பாருங்கள். ஊசி தடிமனாக இருந்தால் ஓட்டை மூடிக்கொள்ளாது. அடுத்து ஆழம்: மேலோட்டமாகக் குத்தியிருப்பீர்கள். அதற்கடுத்து ஒரே ஓட்டையில் இரண்டு தடவை குத்தியிருக்கலாம், அப்போது இரண்டாவது முடி முதல் முடியையும் தளர்த்திவிடும். இவை எதுவும் இல்லையென்றால் டெடனர் அதிகம். அதன் எண்ணெய் துண்டின் மேற்பரப்புக்குக் கசிந்து வந்து வழுக்கும். ஆல்கஹாலில் துடைத்து, பவுடர் போட்டுவிட்டுத் தொடருங்கள். கசிவு நிற்கவே இல்லையென்றால் அந்தத் துண்டை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஊற்றுவதே நல்லது.

பின்பக்கம் சிலிக்கோன் பூசி அடைக்கலாமா?

முகமூடி, போலித் தலை, பொம்மை போன்றவற்றுக்குக் கட்டாயம் பூசுங்கள். கொஞ்சம் ஆழமாகக் குத்தி, முடியின் மடிப்பு பின்பக்கம் எட்டிப் பார்க்கும்படி விட்டு, அதன் மேல் மெல்லிய படலமாகச் சிலிக்கோன் தடவினால் வருடக்கணக்கில் அசையாது. முகத்தில் ஒட்டும் துண்டுக்கு இது பெரும்பாலும் தேவைப்படாது. ஒரு நாள் தாங்கினால் போதும், பூச்சு பின்பக்கத்தைத் தடிமனாக்கி ஒட்டுவதையும் கெடுக்கும்.

பூசும்போது லேடெக்ஸ் கையுறை போடாதீர்கள். அதிலுள்ள கந்தகம் பட்டால் பிளாட்டினம் சிலிக்கோன் இறுகவே இறுகாது, பிசுபிசுவென்று நின்றுவிடும். நைட்ரைல் அல்லது வினைல் கையுறை வாங்குங்கள். நாள் கணக்கில் பதித்த வேலை கடைசிப் பூச்சில் பாழாவதைப் பார்ப்பது போலக் கொடுமை இல்லை.

துண்டின் ஓரம் வரை பதிக்க முடியுமா?

முடியாது. ஓரம் தாளைவிட மெல்லியது, ஊசி பட்டால் கிழியும். நாலைந்து மில்லிமீட்டர் முன்னதாகவே நிறுத்திவிடுங்கள். நடிகர் முகத்தில் துண்டை ஒட்டி, ஓரத்தைக் கரைத்து, வண்ணம் சரிசெய்த பிறகு, அந்த இடைவெளியில் சில முடிகளைப் பசையில் தொட்டுக் கையால் ஒட்டி நிரப்ப வேண்டும். அதனால் சிற்பம் செய்யும்போதே முடி வரும் இடத்துக்கும் ஓரத்துக்கும் நடுவே இடம் விட்டுத் திட்டமிடுங்கள்.

ஊசியின் பல் உள்ளே உடைந்துவிட்டால்?

அங்கேயே வேலையை நிறுத்துங்கள். நடிகரின் கண்ணுக்கு அருகே ஒட்டப்போகும் பொருளில் இரும்புத் துணுக்கு இருக்கக் கூடாது. பின்பக்கத்தை விளக்கில் காட்டி லென்ஸ் வைத்துப் பாருங்கள், விரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள், வலுவான காந்தத்தை அருகே கொண்டு போய்ப் பாருங்கள். கிடைத்தால் சாமணத்தால் எடுத்துவிடலாம். கிடைக்காவிட்டால் அந்தத் துண்டு முகத்துக்குப் போகக் கூடாது. தயாரிப்பு மேலாளர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஒவ்வோர் இடைவேளையிலும் ஊசி நுனியை லென்ஸில் பார்க்கும் பழக்கம் இருந்தால், உடைந்தது எந்தப் பகுதியில் என்பதாவது தெரியும்.

முடி வளர்வது போலத் திரையில் காட்டுவது எப்படி?

1981இல் வந்த 'ஆன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்' படத்தில் ரிக் பேக்கர் செய்ததைப் பாருங்கள். செயற்கைத் தோலில் முடியைப் பதித்து, தோலுக்குப் பின்னாலிருந்து உள்ளே இழுத்தார்கள். அதைப் படமெடுத்துத் தலைகீழாக ஓட்டினால், தோலிலிருந்து முடி முளைத்து வருகிறது. சிறந்த மேக்கப்புக்கு ஆஸ்கர் என்று ஒரு தனிப் பிரிவு தொடங்கியபோது முதல் விருதே அந்தப் படத்துக்குத்தான். இன்றும் ஒரு குறும்படத்துக்கு இதைக் கையாலேயே செய்யலாம். முடியைத் துண்டின் மறுபக்கம் வரை விட்டு, நுனிகளை ஒரு பட்டையில் கட்டி, சீராக இழுத்தால் போதும்.

சினிமாவுக்கு வெளியே இதற்கு வேலை உண்டா?

உண்டு. புற்றுநோயாலோ விபத்தாலோ கண்ணும் அதைச் சுற்றிய பகுதியும் இழந்தவர்களுக்குச் சிலிக்கோனில் முகப்பகுதி செய்து பொருத்துகிறார்கள். அதில் இமைமுடியும் புருவமும் பதிக்க வேண்டும். நம் நாட்டில் பல் மருத்துவக் கல்லூரிகளின் புரோஸ்தோடான்டிக்ஸ் துறைகள் இதைச் செய்கின்றன. அந்தப் புருவத்தைப் பார்ப்பது கேமரா அல்ல, வீட்டிலுள்ளவர்கள், அதுவும் தினமும். மேக்கப் துறையில் கை பழகியவர்கள் அங்கே உதவ முடியும் என்றால் தயங்காமல் போய்க் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

சிற்பத்திலும் உண்டு. ரான் மியூக், பெட்ரிசியா பிச்சினினி, காஸு ஹிரோ மூவரின் சிற்பங்களையும் பெரிய படங்களில் தேடிப் பாருங்கள். குறிப்பாகப் பிச்சினினியின் உயிர்களில், இல்லாத ஒரு விலங்குக்கு முடி எந்தத் திசையில் வளரும் என்று யோசித்துப் பதித்திருப்பது தெரியும்.

பழகுவதற்கு எதில் தொடங்கலாம்?

மிஞ்சிய சிலிக்கோனை ஒரு சென்டிமீட்டர் தடிமனில் தட்டில் ஊற்றி வையுங்கள். அதில் முதலில் ஒரே சாய்வில் நேர்வரிசைகள். பிறகு ஒரு சுழி. சுழி வந்துவிட்டால் கை உங்கள் பேச்சைக் கேட்கிறது என்று அர்த்தம். அடுத்து, உங்களுடைய சொந்தப் புருவத்தைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துப் பதியுங்கள். முழுத்தலைக்கு அவசரப்பட வேண்டாம்.

நல்ல விளக்கு, தலையில் மாட்டும் உருப்பெருக்கி லென்ஸ், முழங்கை ஊன்ற ஒரு மெத்தை ஆகிய மூன்றும் முதல் நாளிலிருந்தே இருக்கட்டும். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை கண்ணைத் தூரத்தில் எதையாவது பார்க்கவிடுங்கள்.

பதித்து முடித்த துண்டைப் படப்பிடிப்பு வரை எப்படி வைப்பது?

முடியை அது படிய வேண்டிய திசையில் ஈரப் பிரஷ்ஷால் வாரி, மெல்லிய வலைத்துணியால் மூடி, துண்டின் வடிவத்துக்கு ஏற்ற தாங்கியில் வையுங்கள். மனித முடியை அயர்ன் வைத்துச் சுருட்டவோ நீட்டவோ வேண்டுமென்றால் இப்போதே செய்துவிடலாம். ஆனால் அயர்ன் கேப் பிளாஸ்டிக் உறையைத் தொடாமல் இடையில் ஒரு சீப்பு இருக்கட்டும். பிளாஸ்டிக் பையில் திணித்து அனுப்பினால் முடி ஒரு பக்கமாக நசுங்கி, காலையில் நடிகர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அதை நிமிர்த்துவதற்கே அரைமணி நேரம் போகும்.

ஒட்டும்போது பசை முடியில் படாமல் இருக்க, முடியை மேலே தூக்கிச் சின்ன கிளிப் போட்டுக்கொள்ளுங்கள். ஆல்கஹால் வண்ணத்தால் கடைசியாகச் சரிசெய்யும்போது முடிக்கு அடியில் மெல்லிய பிரஷ்ஷை நுழைத்துத் தொடுங்கள். முடியில் பட்ட வண்ணத்தை உடனே ஆல்கஹால் தொட்ட காட்டன் பட்ஸால் வேரிலிருந்து நுனி நோக்கித் துடைத்தால் வந்துவிடும். காய்ந்த பிறகென்றால் கஷ்டம்.